வார்டிலிருந்து கெமிஸ்ட் வரை: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரின் மருந்து விவரத்தைக் கொண்டு சேர்ப்பது எப்படி (தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

டர்பனுக்கும் ஜொகனஸ்பர்க்குக்கும் வேலை நிமித்தமாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள், வீடு அமைந்து பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்ததும், ஊரிலிருந்து அம்மாவையோ அப்பாவையோ அழைத்து வந்து சில மாதங்களாவது உடன் வைத்துக்கொள்வது வழக்கம். அந்தப் பெரியவர் இங்கே ஒருமுறை மருத்துவமனையில் படுத்து எழுந்து வரும்போதுதான், அவர் சாப்பிடும் மருந்துகளைப் பற்றிய விவரம் எந்த வழியாக யாரிடம் போகிறது என்ற கேள்வி குடும்பத்துக்கு எழுகிறது. மருத்துவமனையில் நடந்ததெல்லாம் வீட்டருகே உள்ள கெமிஸ்டின் கணினியில் தானாக வந்து நிற்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி வருவதில்லை. இங்கிலாந்தில் 2021 பிப்ரவரி முதல், வீடு திரும்பும் நோயாளியின் மருந்து மாற்றங்களை மருத்துவமனை நேரடியாக அவருடைய வட்டார மருந்துக்கடைக்கு அனுப்புவதற்கென்றே ஒரு தேசியச் சேவை நடந்து வருகிறது. தென்னாப்பிரிக்காவில் நாடு முழுவதற்குமான அத்தகைய ஏற்பாடு இல்லாததால், அந்த வேலையை நோயாளியும் குடும்பமும்தான் செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை, மருந்துக்கடை மேசைக்கு உள்பக்கம் நின்று பார்க்கிறவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

யாரிடம் என்ன இருக்கிறது

அரசு மருத்துவமனையில் உங்கள் விவரம் ஒரு கோப்பில், அந்த மருத்துவமனை தந்த எண்ணின் கீழ் இருக்கும். வீடு திரும்பும் நாளில் அங்குள்ள மருந்தகமே சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ மாத்திரைகளைக் கட்டிக் கொடுத்துவிடும். வார்டில் அதை டி.டி.ஓ. என்பார்கள். சாட்ஸ்வர்த்தில் உள்ள ஆர்.கே. கான் போன்ற வட்டார மருத்துவமனையானாலும், 2002இல் காகிதமில்லா மருத்துவமனையாகத் திறக்கப்பட்ட இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி போன்ற பெரிய மருத்துவமனையானாலும், உள்ளே பதிவு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அது வெளியே தெருமுனைக் கெமிஸ்டுக்குத் திறந்து காட்டப்படுவதில்லை. தனியார் மருத்துவமனையில் பெரும்பாலும் ஸ்கிரிப்டை, அதாவது மருந்துச்சீட்டை, எழுதிக் கையில் கொடுப்பார்கள், அல்லது உள்ளேயே உள்ள கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். கெமிஸ்டிடம் இருப்பது அவர் கடையில் நீங்கள் வாங்கியவற்றின் பதிவு மட்டுமே. உங்கள் குடும்ப மருத்துவரிடம் இருப்பது வேறொரு பதிவு. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பார்த்த மருத்துவர் எழுதியது இவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

சேரும்போதே தொடங்குங்கள்

வீடு திரும்பும் நாளின் குழப்பங்களில் பாதி, சேர்ந்த நாளிலேயே விதைக்கப்படுகின்றன. ஆகவே மருத்துவமனைக்குப் புறப்படும்போது, வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், பெட்டியும் அட்டையும் உள்ளபடியே ஒரு பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். மாத்திரைகளை மட்டும் பிரித்து டப்பாவில் கொண்டு போனால் அவை எவை என்று யாராலும் சொல்ல முடியாது. கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், இன்சுலின், மூட்டு வலிக்கு எப்போதாவது போடும் மாத்திரை, சித்த மருந்து, பாகற்காய் கேப்சூல் என்று, கேட்டால் "மருந்தெல்லாம் ஒன்றும் இல்லை" என்று பெரியவர்கள் சொல்லிவிடும் பொருள்களும் அந்தப் பையில் இருக்க வேண்டும்.

ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. இந்தியாவில் சர்க்கரைக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் பல, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் ஒன்றாகச் சேர்ந்த கூட்டு மாத்திரைகள். இங்கே அவற்றைத் தனித்தனியாகவே எழுதும் வழக்கம் அதிகம். இரத்தம் உறையாமலிருக்க இந்தியாவில் பலர் அசிட்ரோம் என்ற பெயரில் அசினோகூமரால் சாப்பிடுகிறார்கள். இங்கே அதே காரியத்துக்கு வார்ஃபரின் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே வகைதான் என்றாலும், மில்லிகிராமுக்கு மில்லிகிராம் மாற்றிக்கொள்ளக் கூடியவை அல்ல. வார்டில் கேட்கும் மருத்துவரிடம் கடைப்பெயரைச் சொல்வதைவிட, அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரைக் காட்டுவதே பயன் தரும்.

வார்டை விட்டுக் கிளம்புமுன்

2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தில் புதிதாக வந்தவர்கள் அறிய வேண்டிய பிரிவுகள் நான்கு. அவற்றில் இரண்டு இந்த இடத்துக்குரியவை. பத்தாம் பிரிவின்படி, வீடு திரும்பும் நேரத்தில் நோயாளிக்கு வெளியேற்ற அறிக்கை தரப்பட வேண்டும். ஆறாம் பிரிவின்படி, நோயையும் சிகிச்சையையும் பற்றி, முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியிலும் அவருடைய படிப்புக்கு ஏற்ற விதத்திலும் விளக்க வேண்டும். தமிழ் தெரிந்த செவிலியர் கிடைப்பது இன்று அரிது. நான்காம் ஐந்தாம் தலைமுறைத் தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருவர் தொலைபேசியில் பேசி, உங்களுக்காக இரண்டு கேள்வி கேட்டுச் சொல்லத் தயங்க மாட்டார். அந்த உதவியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

"நாளை அனுப்பிவிடுவோம்" என்று சொன்ன மாலையிலேயே கேள்விகளைத் தொடங்கிவிடுங்கள். கிளம்பும் நாளில், அதுவும் வெள்ளிக்கிழமை பிற்பகலென்றால், கட்டில் காலியாக வேண்டும் என்ற அவசரத்தில் யாருக்கும் நின்று பேச நேரமிருக்காது. கேட்க வேண்டியவை இவை: புதிதாகச் சேர்த்த மருந்து எது, எதற்காக, எத்தனை நாளைக்கு, அளவு மாறிய மருந்து எது, முன்பு சாப்பிட்டவற்றில் நிறுத்தியது எது, அது நிரந்தரமாகவா, சில நாட்களுக்கா, அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது, அதன் முடிவை யார் பார்ப்பார்கள். இவற்றில், எதை நிறுத்தினார்கள் என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. அறிக்கை எழுதுகிறவர், கொடுக்கும் மருந்துகளைக் கவனமாக எழுதிவிடுகிறார். கொடுக்காத மருந்தை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. என் பார்வையில், வீடு திரும்பியவர்களுக்கு நேரும் மருந்துத் தொல்லைகளில் பெரும்பகுதி அந்த எழுதப்படாத வரியிலிருந்துதான் வருகிறது.

அறிக்கையில் உள்ள சுருக்கக் குறிகளையும் அங்கேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, மானே என்றால் காலை, நாக்டே என்றால் இரவு, பி.ஆர்.என். என்றால் தேவைப்பட்டால் மட்டும். கடைசியாகச் சொன்னதை மூன்று வேளையும் கொடுத்துவிடும் வீடுகள் உண்டு.

ஸ்கிரிப்டைக் கெமிஸ்டிடம் கொடுக்குமுன் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்தபின் அந்தத் தாள் கடையிலேயே தங்கிவிடும். மறுபடி பார்க்க வேண்டுமென்றால் அந்தப் படம்தான் உதவும்.

வீட்டுத் தாள்

இனிச் சொல்லப்போவது இந்த வழிகாட்டியின் முக்கியமான பகுதி என்பதால், ஓர் உதாரணத்தோடு விரிவாகவே சொல்கிறேன். எழுபது வயது அம்மா ஒருவர் ஊரிலிருந்து மூன்று மாத மருந்தோடு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த கூட்டு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன், தைராய்டுக்கு ஒன்று, இதயத்துக்கு ஆஸ்பிரின். கடும் வயிற்றுப்போக்கில் உடலின் நீர் வற்றி, சிறுநீரகம் தளர்ந்து, மருத்துவமனையில் சேர்கிறார். சிறுநீரகத்தைக் காப்பதற்காக மெட்ஃபார்மினையும் டெல்மிசார்ட்டனையும் நிறுத்தி, சர்க்கரைக்கு இரவு நேர இன்சுலினும், அழுத்தத்துக்கு அம்லோடிப்பினும், வயிற்றுக்கு ஒமெப்ரசோலும், மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக்கும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அறிக்கையில் இந்தப் புதிய மருந்துகள் எல்லாம் இருக்கின்றன. நிறுத்தியவை இரண்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மகள் வீட்டுக்கு வந்து, புதிய பைகளைப் பழைய டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். கூட்டு மாத்திரையும் தொடர்கிறது, இன்சுலினும் சேர்கிறது; இரண்டாம் நாள் விடியலில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறுகிறது. தளர்ந்த சிறுநீரகத்தோடு டெல்மிசார்ட்டனும் தொடர்ந்தால், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே கெடுக்கலாம். அது வெளியே தெரியக்கூடத் தெரியாது. யாரும் கவனக்குறைவாக இல்லை. ஒரு வரி மட்டும் விடுபட்டிருக்கிறது.

ஆகவே ஒரு முழுத் தாளை எடுத்து, மேலே பெயர், பிறந்த தேதி, மருத்துவமனைக் கோப்பு எண், வார்டு, சேர்ந்த தேதி, வந்த தேதி, என்ன நோய்க்காகச் சேர்ந்தார், எந்த மருந்து ஒவ்வாது என்பவற்றை எழுதுங்கள். சிறுநீரகப் பரிசோதனையின் கடைசி எண்ணைக் கேட்டு வாங்க முடிந்தால் அதையும் சேருங்கள். கெமிஸ்டுக்கு அந்த ஒரு எண் பத்து வாக்கியங்களுக்குச் சமம். அதன் கீழ் முதலிலேயே, சிவப்பு மையில், நிறுத்தியவற்றை எழுதுங்கள்: எது, ஏன், மறுபடி எப்போது யார் முடிவு செய்வார். பிறகு புதியவை, அளவு மாறியவை, முன்போலவே தொடர்பவை. ஒவ்வொன்றுக்கும் மூலப்பெயர், மில்லிகிராம், வேளை, காரணம், முடியும் தேதி. மருந்தின் பெயரை ஆங்கில எழுத்திலும், வேளையையும் காரணத்தையும் இரு மொழியிலும் எழுதினால், கெமிஸ்டுக்கும் புரியும், வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் தாத்தாவுக்கும் புரியும்.

முடியும் தேதி என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். வார்டில் படுத்திருந்தபோது வயிற்றுப் புண் வராமலிருக்கத் தொடங்கிய ஒமெப்ரசோல், யாரும் நிறுத்தச் சொல்லாததால் ஆண்டுக்கணக்கில் தொடர்வதை அடிக்கடி பார்க்கலாம். ஸ்டீராய்டு மாத்திரைக்கு இது தலைகீழ்: சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது என்பதால், எந்த நாளில் எத்தனை என்று குறைக்கும் அட்டவணையே எழுதி வாங்க வேண்டும். இடுப்பு, முழங்கால் அறுவைக்குப் பின் இரத்தக்கட்டு வராமலிருக்க வயிற்றில் போடும் ஊசி கொடுத்தார்களென்றால், எத்தனை நாள் என்று கேட்டு, கையிலுள்ள ஊசிகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் உடனே கேளுங்கள்.

கெமிஸ்டிடம் போகும்போது

வீடு திரும்பிய மறுநாளோ, தவறினால் அதற்கடுத்த நாளோ போய்விடுங்கள். சலுகை விலைக்காக நாலு கடை ஏறி இறங்குவதை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிட்டு, ஒரே கடையை வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றோடொன்று சேராத இரண்டு மருந்துகளைக் கெமிஸ்டின் கணினி கண்டுபிடிக்க வேண்டுமென்றால், இரண்டும் அதே கணினியில் இருக்க வேண்டும். கூட்டம் இல்லாத நேரம் எதுவென்று கேட்டு, அறிக்கை, ஸ்கிரிப்ட், வீட்டுத் தாள், பழைய மருந்துப் பை ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். மேசையில் நிற்கும் உதவியாளரிடம் அல்லாமல், "மருந்தாளரிடம் பேச வேண்டும், நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்கள்" என்று சொல்லிவிட்டால் போதும். இதற்குத் தயங்க வேண்டியதில்லை. ஆலோசனை சொல்வது அவருடைய தொழிலின் ஒரு பகுதி. உதாரணத்து அம்மாவின் பையை இப்படிக் கொட்டிக் காட்டியிருந்தால், அந்தக் கூட்டு மாத்திரை மேசையிலேயே பிடிபட்டிருக்கும்.

கெமிஸ்ட் வேறு நிறுவனத்தின் மலிவான அதே மருந்தைத் தர முன்வருவார். மருந்துகள் சட்டத்தின்படி அந்த வாய்ப்பைச் சொல்ல வேண்டியது அவருடைய கடமை. நீங்கள் மறுத்தாலோ, மாற்றக் கூடாது என்று மருத்துவர் கைப்பட எழுதியிருந்தாலோ மாற்ற மாட்டார். மலிவு மருந்து தரக்குறைவு என்று அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறு: பெட்டியின் பெயரும் மாத்திரையின் நிறமும் மாறுவதால், ஒரே மருந்தை இரண்டு மருந்தென்று எண்ணி இரண்டையும் சாப்பிட்டுவிடுவது. மருத்துவமனை கொடுத்த உறையில் எனலாப்ரில் என்றும், வீட்டிலுள்ள பெட்டியில் ஃபார்மாப்ரெஸ் என்றும் இருந்தால், இரண்டும் ஒன்றே. தாளில் மூலப்பெயரை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

ஸ்கிரிப்டில் ஏதாவது பொருந்தாவிட்டால், கெமிஸ்ட் வார்டையோ மருத்துவமனை மருந்தகத்தையோ தொலைபேசியில் அழைப்பார். அப்போது "நோயாளியின் இரகசியம், சொல்ல முடியாது" என்று மறுமுனையில் தயங்குவதுண்டு. முன்பு சொன்ன நான்கு பிரிவுகளில் மற்ற இரண்டும் இங்கே வருகின்றன. பதினான்காம் பிரிவு இரகசியத்தைக் காக்கிறது என்றாலும், நோயாளி எழுத்தில் சம்மதித்தால் விவரத்தைச் சொல்லலாம் என்கிறது. பதினைந்தாம் பிரிவோ, நோயாளியின் நன்மைக்காக, தொழில்முறைத் தேவை உள்ள அளவுக்கு, ஒரு சிகிச்சையாளர் மற்றொருவரிடம் விவரத்தைப் பகிர இடம் தருகிறது. மகனோ மகளோ அழைத்துக் கேட்கும்போது மட்டும் அந்தச் சம்மதம் அவசியமாகிவிடும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் உடல்நல விவரத்தைத் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருப்பதால், "என் மருந்து விவரங்களை என் மகளிடமும் என் கெமிஸ்டிடமும் சொல்லலாம்" என்று அம்மாவிடம் இரண்டு வரி கையெழுத்து வாங்கி, வார்டில் ஒரு பிரதியும் கடையில் ஒரு பிரதியும் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு முழுவதற்கும் அறிக்கையை அனுப்புவது வேறு விஷயம், அது வேண்டாம்.

ரிப்பீட், அதாவது அதே சீட்டில் மறுபடியும் மருந்து வாங்கும் அனுமதி, எழுதிய ஸ்கிரிப்ட் பொதுவாக ஆறு மாதம் வரை செல்லும். ஷெட்யூல் என்று சட்டம் மருந்துகளைப் பிரித்துள்ள வகைகளில், ஷெட்யூல் ஆறில் உள்ள வலுவான வலிமருந்து போன்றவற்றுக்கு ரிப்பீட் கிடையாது. ஷெட்யூல் இரண்டு முதல் நான்கு வரையுள்ள தொடர் மருந்து தீர்ந்து, மருத்துவரைப் பார்க்க நாளாகுமென்றால், முன்பே ஒரு மருத்துவர் தொடங்கிய மருந்துதான் என்று கெமிஸ்டுக்குத் திருப்தி ஏற்பட்டால், அவர் ஒருமுறை மட்டும் அதிகபட்சம் 30 நாளுக்குத் தரச் சட்டத்தில் இடமுண்டு. அந்தத் திருப்தியை ஏற்படுத்துவது நீங்கள் எடுத்து வைத்த படம்தான்.

மெடிக்கல் எய்ட் உள்ளவர்கள்

மருந்து மாறியதைக் கெமிஸ்டிடம் சொன்னால், மருத்துவச் செலவை ஏற்கும் தனியார் திட்டமான மெடிக்கல் எய்டுக்கும் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு போன்ற நாட்பட்ட நோய்களின் மருந்துச் செலவை ஏற்கச் சட்டப்படி அவர்கள் கடமைப்பட்டவர்கள் என்றாலும், ஒவ்வொரு மருந்தும் பதிவாகியிருக்க வேண்டும், நோயின் ஐ.சி.டி. குறியீடு ஸ்கிரிப்டில் இருக்க வேண்டும். புதிய மருந்தைப் பதிவு செய்யவும், நிறுத்திய மருந்தை நீக்கவும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். நீக்காவிட்டால், அதை மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு அப்படியே நடந்துகொண்டிருக்கும்.

அரசு மருந்துப் பொட்டலம்

அரசு கிளினிக்கில் நாட்பட்ட நோய்க்கு மருந்து வாங்குகிறவர்களில் பலர், இப்போது டப்லப் மெட்ஸ் என்ற ஏற்பாட்டின் மூலம், முன்கூட்டியே கட்டிய பொட்டலத்தை வீட்டருகே உள்ள கடையிலோ வேறு மையத்திலோ வாங்கிக்கொள்கிறார்கள். 2014இல் தொடங்கிய இந்தத் திட்டம் மேற்குக் கேப் தவிர்த்த எட்டு மாகாணங்களில் நடக்கிறது. வரிசையில் நின்று அவதிப்படாமல் மருந்து கிடைப்பது பெரிய நன்மை. ஆனால் அந்தப் பொட்டலம், பல மாதங்களுக்கு முன்பு கிளினிக்கில் எழுதிய ஸ்கிரிப்டின்படி வேறெங்கோ கட்டப்பட்டு வருவது. இடையில் மருத்துவமனை எதை நிறுத்தியது என்று கட்டுகிறவருக்குத் தெரியாது. பொட்டலத்தைக் கையில் கொடுக்கும் கடைக்காரருக்கும் அதைத் திறந்து மாற்றும் அதிகாரம் கிடையாது. ஆகவே வீடு திரும்பிய வாரத்திலேயே கிளினிக்குக்குப் போய், அறிக்கையைக் காட்டி, பழைய ஸ்கிரிப்டை நிறுத்திப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். அதற்குள் பொட்டலம் வந்துவிட்டால், வீட்டுத் தாளோடு ஒப்பிட்டு, சிவப்பில் உள்ளதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை மட்டும் கொடுங்கள்.

முதல் இரண்டு வாரம்

பழைய டப்பாவைக் காலி செய்து, தாளில் உள்ளவற்றை மட்டும் அதில் அடுக்குங்கள். நிறுத்திய மருந்துகளைப் "பிறகு உதவும்" என்று அலமாரியில் வைக்காமல் கெமிஸ்டிடமே கொடுத்துவிடுங்கள். குப்பையிலோ கழிவறையிலோ போட வேண்டாம். மறுபடி தொடங்கச் சொன்னால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

இன்சுலின் குளிர்பெட்டியில் இருக்க வேண்டியது. டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் மின்சாரம் போனால், கதவைத் திறக்காமல் விடுவதே முதல் வைத்தியம்.

விரதத்தைப் பற்றிக் கெமிஸ்ட் தானாகக் கேட்க மாட்டார். நீங்கள்தான் சொல்ல வேண்டும். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதமும், புரட்டாசி மாத விரதமும் இங்கே தலைமுறைகளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன; புதிதாக வந்தவர்களும் அக்கம்பக்கத்தோடு சேர்ந்துகொள்கிறார்கள். சாப்பாட்டை விட்டுவிட்டு இன்சுலினையும் கிளிமிபிரைடையும் வழக்கமான அளவில் எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். நீர்கூட அருந்தாமல், சிறுநீரைப் பெருக்கும் நீர்மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரகம் மீண்டும் தளரும். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்களில் விரதம் வேண்டாம் என்பது என் கருத்து. இருந்தே தீருவேன் என்கிறவர்கள், எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கட்டும்.

வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றினால், விழுங்க முடிகிற நிலையில் இருப்பவருக்குச் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்துவிட்டு, குளுக்கோமீட்டரில் பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் அரசு ஆம்புலன்ஸை 10177 என்ற எண்ணிலோ, செல்பேசியிலிருந்து 112 என்ற எண்ணிலோ அழையுங்கள். தவறுதலாக இரட்டிப்பு அளவு சாப்பிட்டுவிட்டு, உடம்பு ஒன்றும் செய்யாதவர்போல் இருந்தால், நச்சு ஆலோசனை மையத்தை 0861 555 777 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். எந்த அழைப்பிலும் முதல் கேள்வி, "என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்பதுதான். ஆகவே அந்தத் தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கட்டும். அதன் படம் உங்கள் செல்பேசியில் இருக்கட்டும். மறுபரிசோதனைக்குப் போகும் நாளில் அந்தத் தாளையே எடுத்துச் சென்று, மருத்துவர் மாற்றும் ஒவ்வொன்றையும் அவர் எதிரிலேயே திருத்தி, திரும்பும் வழியில் கெமிஸ்டிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.